வலைக்குள் விழுந்தால்தான் பிராணி

கௌரவமாகச் சாவதற்கு உலக அளவில் உரிமை பெற்ற மீன்கள் இலங்கையில் இருக்கின்றன. அந்த உரிமை இருப்பது மீனுக்குத் தெரியாது. பிடிக்கிறவருக்குத் தெரியாது, பெட்டியில் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவருக்குத் தெரியாது, பேரம் பேசி வாங்கி ஆணம் காய்ச்சுகிறவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் பாரிஸில் இருக்கிறார்கள்.

பாரிஸில் உலக விலங்குச் சுகாதார அமைப்பு என்று ஒன்று உண்டு. மாட்டுக் கொள்ளைநோய்க்குப் பயந்து 1924 இல் 28 நாடுகள் கூடித் தொடங்கியது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர், இலங்கையும் ஒன்று. நீர்வாழ் விலங்குகளுக்கென்று அது ஒரு கோவை வைத்திருக்கிறது. அதன் ஏழாம் பகுதி வளர்ப்பு மீனின் நலன் பற்றியது. 2008 முதல் அத்தியாயம் அத்தியாயமாக ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்தது. மீனை ஏற்றி இறக்கும்போது தண்ணீர் எப்படி இருக்க வேண்டும், ஒரு தொட்டியில் எவ்வளவு நெருக்கடி தாங்கும், கொல்லும் முன் எப்படி மயக்க வேண்டும், மயங்கிவிட்டதை எப்படிக் கண்டறிவது என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். செவுள் அசையக் கூடாது. மீனைச் சாய்த்துப் பார்த்தால் கண் சுழலக் கூடாது. நம் சந்தையிலும் செவுளைத் தூக்குகிறோம், கண்ணை உற்றுப் பார்க்கிறோம். அது மீன் பழசா புதுசா என்று அறிய. வலித்ததா என்று கேட்க யாரும் செவுளைத் தூக்கியதில்லை.

அந்தக் கோவையில் ஒரு பட்டியல் இருக்கிறது. மீனின் நலனுக்குக் கேடானவை என்று தெரிந்துபோன கொலை முறைகள்: தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து மூச்சடைத்துச் சாக விடுவது, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் விறைக்க விடுவது, கரியமில வாயு ஏற்றுவது, உப்பிலோ அமோனியாவிலோ போடுவது, மயக்காமல் இரத்தம் வடிய விடுவது. படித்துப் பார்த்தால் நம் குளக்கரைக்கும் சந்தைக்கும் குசினிக்கும் யாரோ வந்து குறிப்பெடுத்துப் போனது போல இருக்கும். வாயுவையும் அமோனியாவையும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் எங்கள் அன்றாடம்.

ஆனால் கவலைப்பட வேண்டாம். பட்டியலுக்குக் கீழேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. மயக்கிக் கொல்லும் நல்ல முறைகளைக் கையாளச் சாத்தியம் இருந்தால், இந்தக் கெட்ட முறைகளைப் பயன்படுத்தக் கூடாதாம். சாத்தியம் இருந்தால்! சாத்தியம் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? கொல்கிறவர்தான். மீறினால் தண்டம் உண்டா? கிடையாது. கோவை என்பது பரிந்துரை. உறுப்பு நாடு தன் சட்டத்தில் ஏற்றினால்தான் உயிர் பெறும். உலகத்தின் மனச்சாட்சி இப்படித்தான் எழுதப்படுகிறது: தடை ஒரு வரி, விலக்கு அடுத்த வரி.

இனி இங்கே வருவோம். அம்பாறை மாவட்டத்து இறக்காமம் குளத்தில் விடப்படும் ஒரு திலாப்பியாக் குஞ்சை எடுத்துக்கொண்டு, பிறப்பிலிருந்து சட்டிவரை அதன் சட்டபூர்வ வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பார்ப்போம். நாட்டின் சட்டக் கல்லூரியில் இதைப் பாடமாக வைக்கலாம்.

முதலில் குடியுரிமை. திலாப்பியா ஆபிரிக்க மீன். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1975 இல் அதன் நைல் உறவினரும் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் குளம் குளமாகப் பெருகி, உள்நாட்டு மீன்பிடியையே தூக்கி நிறுத்தியது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மீனுக்குப் பொருந்தாததால் தப்பித்தது. பொருந்தியிருந்தால், பாட்டனார் எந்த ஆற்றில் பிறந்தார் என்று அத்தாட்சி கேட்டுக் கப்பலேற்றியிருப்பார்கள்.

இரண்டாவது பிறப்பு. தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, எல்லோரும் நக்டா என்று சொல்வது, 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டானது. இங்கினியாகலையில் அதற்கு ஒரு வளர்ப்பு நிலையம் இருக்கிறது. தொட்டியில் பிறந்த குஞ்சு வளர்ப்பு மீன். ஆகவே பாரிஸ் கோவை அதற்குப் பொருந்தும். ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைக்குள் போய்ப் பிரயாணம் செய்யும்போதும் பொருந்தும். பிரயாணத்துக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. பையிலிருந்து குளத்தில் கொட்டிய அந்த நொடியில் என்ன ஆகிறது? அது இப்போது குளத்து மீன். உரிமையெல்லாம் தண்ணீரில் கரைந்து போய்விட்டது. யாருடைய கோவையிலும் அது இல்லை. தீனி போட ஆளில்லை, நோய்க்கு வைத்தியமில்லை, வயலிலிருந்து வடிந்து வரும் களைநாசினிக்கும் பூச்சிநாசினிக்கும் கணக்கில்லை.

மூன்றாவது, வலை. இலங்கையில் பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கம். வெள்ளைக்காரன் போட்டது. வீட்டு விலங்கு, பிடிபட்ட விலங்கு, அடைத்து வைத்த பறவை, மீன், ஊர்வன ஆகியவற்றை அது பிராணி என்கிறது. ஆக, குளத்தில் நீந்தும்வரை திலாப்பியா பிராணி இல்லை. வலைக்குள் விழுந்த மறுகணம் அது பிராணி! தங்கூசி நரம்பு செவுளை அறுத்து உள்ளே இறங்கும் அந்த வேளையில், சட்டப்புத்தகம் அதற்குப் பிராணிப் பட்டம் சூட்டுகிறது. வாழ்நாள் முழுவதும் இல்லாத உரிமை, சாவதற்குச் சற்று முன்னர் வந்து சேர்கிறது. நமது நாட்டில் பலருக்குச் செத்த பிறகுதான் நட்டஈடு வருகிறது. அதைவிட இது விரைவு என்று ஆறுதல் கொள்ளலாம்.

அந்த உரிமையின் விலை என்ன? வதைத்தவருக்குத் தண்டம் அதிகபட்சம் 100 ரூபாய். 1907 இல் 100 ரூபாய் பெரிய காசு. இன்று ஒரு கிலோ மீனுக்கே போதாது. வதைத்துவிட்டுத் தண்டம் கட்டுவது, வதைத்த மீனை வாங்குவதைவிட மலிவு. அக்கரையில் இந்தியா எங்களைத் தோற்கடித்துவிட்டது: அங்கே 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரைதான். கருணையில் போட்டி போடும் இரண்டு அயல்நாடுகள்.

பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது செய்யச் சொல்லி 2006 இல் சட்ட ஆணைக்குழு ஒரு வரைவு கொடுத்தது. பத்து வருடம் அது எங்கே தூங்கியதோ, 2016 இல் அமைச்சரவை அனுமதி வழங்கியது. அனுமதி வழங்கிய அமைச்சரவை போனது, ஜனாதிபதிகள் மாறினார்கள், ஒருவர் நாட்டைவிட்டே ஓடிப்போனார், ஆண்டுகள் உருண்டன. வரைவுக்கு வயது ஏறியதே தவிரச் சட்டமாகும் வேளை வரவில்லை. அதே காலத்தில் அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மட்டும் இவர்களுக்கு நாட்கள் போதுமானதாக இருந்தன.

குஞ்சு விடும் விழாவை ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும். எந்தக் குளம் என்று கேட்காதீர்கள். எல்லாக் குளத்திலும் ஒரே விழாதான். குளக்கட்டில் தகரப்பந்தல், பிளாஸ்டிக் கதிரை, ஒலிபெருக்கி. ஒன்பது மணிக்கு வரவேண்டிய பிரமுகர் பதினொன்றரைக்கு வருகிறார். அதுவரை குஞ்சுப் பைகள் வரிசையாக வெயிலில். பைக்குள் தண்ணீர் சூடேறுகிறது. மேலே மிதந்து வாயைப் பிளக்கின்றன விரல்நீளக் குஞ்சுகள். கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை. பிரமுகர் பேசுகிறார்: உங்கள் வாழ்வாதாரத்தை உயர்த்துவதே எங்கள் இலட்சியம். கீழே ஒரு பையில் நாலைந்து குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிப் புரண்டுவிட்டன. மீனவர் சங்கத்துக் காக்கா ஒருவர் மெதுவாகப் போய், இரண்டு பையை வேம்பு நிழலுக்கு இழுத்து வைக்கிறார். படம் பிடிக்க இடைஞ்சல் என்று ஒரு அதிகாரி அவரைக் கண்ணால் அதட்டுகிறார். பையைக் குளத்து நீரில் மிதக்க விட்டு, உள்ளே வெளியே சூடு சமமான பிறகுதான் திறக்க வேண்டும் என்பது குஞ்சு வளர்க்கிற எவருக்கும் தெரிந்த பாலபாடம். கமராவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பிரமுகர் பையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார், கொட்டுகிறார், கை கழுவுகிறார். எத்தனை இலட்சம் குஞ்சு விடப்பட்டது என்பது மறுநாள் செய்தியில் வரும். எத்தனை பிழைத்தது என்பது எந்த நாளும் செய்தியில் வராது.

இப்போது பாரிஸிலிருந்து ஒரு பரிசோதகர் இறக்காமத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்ததில்லை, வரவும் மாட்டார், ஒரு பேச்சுக்கு. கையில் கோவை, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பொடியன். விடியற்காலை தோணி கரை தட்டுகிறது. வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருக்கும் காக்கா நிமிர்ந்து பார்க்கிறார்.

"தம்பி, என்னவாம் செல்றாரு இந்த மனிசன்?"

"காக்கா, மீனுக்கு நோகாமக் கொல்லணுமாம். முதல்ல மயக்கணுமாம்."

"மயக்குறதுக்கு என்ன தருவாராம்?"

"மெசின் ஒண்டு இரிக்காம். கரண்ட்டுல ஓடுமாம்."

"குளத்துக்குள்ள கரண்ட் கம்பி இழுத்துத் தருவாராமா? ஊட்டுக்கு வாற கரண்ட் பில்லயே கட்ட ஏலாமக் கிடக்கன். சரி, மெசின் இல்லாட்டி?"

"ஒரு கட்டையால மண்டைல ஒரே போடு. சரியான இடத்துல பட்டா உடனே மயங்கிருமாம். அதுவும் இந்தப் புத்தகத்துல இரிக்காம்."

காக்கா சிரிக்கிறார். "அத இவ்வளவு தூரம் பிளேன்ல வந்தா செல்லணும்? கட்ட என்னட்டயே இரிக்கே."

கற்பனைதான். ஆனால் கடைசியில் வந்த சங்கதி கற்பனை இல்லை. தலையில் சரியாக ஓங்கி அடித்து மயக்குவது அந்தக் கோவை ஏற்றுக்கொண்ட முறைகளில் ஒன்று. இயந்திரம்தான் வேண்டும் என்றில்லை. கையால் அடித்தாலும் சரி. உலகத் தரத்தின் ஒரு பாதி, விறகுக் கட்டை விலையில் கிடைக்கிறது. இந்த ஒரு வரியைத் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு துண்டுப் பிரசுரமாக அடித்துக் குளக்கரைக்குக் கொண்டுவர ஒரு திணைக்களத்துக்கும் கை வரவில்லை.

மீனுக்கு நோகுமா என்று இனியும் கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2003 இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ட்ரவுட் மீனின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசற்றிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். வலியறியும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள்; மீன் தீனியை விட்டுவிட்டு உதட்டைத் தொட்டியின் கல்லில் தேய்த்தது. தண்ணீருக்கு வெளியே மூச்சடைத்துச் சாகும் ட்ரவுட் சராசரியாகப் பத்து நிமிடம் மிதமானதிலிருந்து கடுமையானதுவரை வேதனைப்படுகிறது, சிலவேளை இருபது நிமிடத்தையும் தாண்டும் என்று 2025 இல் இன்னொரு ஆய்வு கணக்கிட்டது. அது குளிர்நாட்டு மீன். நம் விராலுக்குக் காற்றையும் மூச்செடுக்கத் தெரியும். பாவம், அந்தத் திறமைதான் அதற்கு எமன். பேசினுக்குள் ஒரு சாண் தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடக்கும். "உசிர் விரால், உசிர் விரால்" என்று கூவி விற்பார்கள். உயிரோடிருந்தால் விலை கூட. வீட்டுக்கு வந்தால் வழுவழுப்புப் போக உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள், அப்போதும் துள்ளும். துள்ளத் துள்ளச் செதிள் உரிப்பார்கள். சட்டியில் போட்ட துண்டு துடித்தது என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவ்வளவு புது மீன்!

இந்த நாட்டில் பிராணிகளுக்காகக் கண்ணீர் விடுகிறவர்களுக்குப் பஞ்சமா? பஞ்சமே இல்லை. முஸ்லிம்களான எங்களைக் கேட்டால் தெரியும். எங்கள் தட்டில் என்ன கிடக்கிறது என்பதுதான் பல வருடங்களாக இந்த நாட்டின் தலையாய பிரச்சினை. 2013 பெப்ரவரியில் பௌத்த கடும்போக்காளர்கள் மகரகமவில் கூட்டம் போட்டு ஹலாலை ஒழிக்கச் சொன்னார்கள். மார்ச்சில் உலமா சபை சான்றிதழ் இலச்சினையை விட்டுக்கொடுத்தது. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, எங்களுக்குப் பக்கத்து அம்பாறை நகரில், சாப்பாட்டுக் கடையின் கறிக்குள் கிடந்த மாவுக் கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லிக் கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வில் பிறகு வந்தது. பகுப்பாய்வு அறிக்கை வந்து உடைந்த கண்ணாடி ஒட்டவில்லை.

2020 செப்டெம்பரில் கருணை அமைச்சரவைக்கே ஏறிவிட்டது. மாடறுப்பைத் தடை செய்யக் கொள்கையளவில் இணங்கினார்கள். நல்லது. பசுவின் மேல் பரிவு. அதே முடிவின் அடுத்த வரியைப் பாருங்கள்: மாட்டிறைச்சி உண்கிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சியை இறக்கிச் சலுகை விலையில் கொடுப்பது! அதாவது இலங்கைப் பசுவுக்கு நோகும். பிறநாட்டுப் பசுவுக்கு நோகாது. அல்லது அதற்கு நோவது நமக்குக் கேட்காது. அறுக்கிற கை கண்ணுக்குத் தெரிந்தால் கொடுமை. குளிரூட்டியில் உறைந்து வந்தால் சலுகை விலை. அதே ஆண்டின் இறுதியில், கொவிட்டைக் காட்டி, செத்துப்போன எங்கள் சிசுக்களைக்கூட மண்ணில் புதைக்க விடாமல் நெருப்பில் போட்டுக்கொண்டிருந்த அரசாங்கம்தான் இது. இவர்களா ஜீவகாருண்யம் பேசுவது?

மீனுக்கு வருவோம். மீனைப் பற்றி இவர்களில் ஒருவர் மூச்சு விட்டதுண்டா? மாட்டைக் கசாப்புக் கடையிலிருந்து காசு கொடுத்து மீட்டு உயிர்ப்பிச்சை கொடுக்கிறார்கள். திலாப்பியாவைப் பெட்டியிலிருந்து மீட்டுக் குளத்தில் விட்டவரை யாராவது கண்டால் சொல்லுங்கள். போயாவுக்கு அறுவைச் சாலை பூட்டப்படும். மீனுக்கு அறுவைச் சாலையே இல்லையே, எதைப் பூட்டுவது? காரணத்தை நான் சொல்கிறேன். மாட்டை அறுப்பவர் பெயர் என்னவென்று இவர்களுக்குத் தெரியும். மீனைப் பிடிப்பவர் நீர்கொழும்பில் கத்தோலிக்கர், மாத்தறையில் பௌத்தர், வாழைச்சேனையிலும் கல்முனையிலும் நாங்களும் தமிழரும். மீனுக்குப் பரிந்து பேசினால் நாட்டிலுள்ள எல்லாச் சட்டியும் குற்றவாளிக் கூண்டில் ஏறும். வாக்குப் பெட்டி காலியாகும். இலங்கையில் ஒரு பிராணியின் வலியை அதன் நரம்பை வைத்து அளப்பதில்லை. கொல்கிறவரின் பெயரை வைத்து அளக்கிறார்கள்.

தப்பித்தவறி ஒருதரம் அரசாங்கத்துக்கு மீன் மேல் பரிவு வந்தது. 1990 இல். உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமய எதிர்ப்புக்கு இணங்கி, பிரேமதாச அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கும் மீன்வளர்ப்புக்கும் கொடுத்த ஆதரவை அப்படியே நிறுத்தியது. மீனைக் கொல்வது நின்றதா? ஒரு நாள்கூட நிற்கவில்லை. நின்றது குஞ்சு விடுவதும் கண்காணிப்பதும். கேட்பாரில்லாத குளங்களில் சின்னக் கண் வலை இறங்கியது. வளராத மீனையும் வாரியது. 1994 இல் ஆட்சி மாறிய பிறகுதான் ஆதரவு திரும்பியது. பாவம் படாமல் அரசாங்கம் கையை மட்டும் கழுவிக்கொண்டது. மீன் முன்னைவிட மோசமாகச் செத்தது. அந்த நாலு வருடத்து ஜீவகாருண்யத்துக்கு இதுவரை யாரும் கணக்குக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம். ஊரைத் திட்டிவிட்டு வாசலோடு திரும்பிப் போவது நியாயமில்லை. மாடறுக்கும்போது கத்தியைக் கூர் தீட்ட வேண்டும், பிராணியின் கண் முன்னே தீட்டக் கூடாது, அதை இலேசாக்கிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் நபி சொல்லித் தந்தார்கள். எல்லாவற்றிலும் நன்மை செய்தல் கடமை என்பது அந்தப் போதனையின் தலை வாசகம். ஹலால் எதிர்ப்புக் காலத்தில் இதைத் தொலைக்காட்சிதோறும் போய்ச் சொன்னோம். எங்கள் அறுவை கருணையான அறுவை என்று வாதாடினோம். சரி. மீனுக்கு அறுவை தேவையில்லை, செத்ததும் ஹலால் என்பது மார்க்கம் தந்த சலுகை. கத்தி வேண்டாம் என்ற சலுகையைக் கருணையும் வேண்டாம் என்று நாங்களாக நீட்டிக்கொண்டோம். எல்லாவற்றிலும் என்று சொன்னதில் மீன் அடங்காதா? குர்பான் மாட்டைக் குத்பாவில் பேசுகிற எத்தனை மௌலவிமார் உப்பில் உரசப்படும் விராலைப் பேசியிருக்கிறார்கள்? பள்ளி முடிந்து வெளியே வந்தால் வாசலிலேயே அந்தப் பேசின் இருக்கிறது.

நாங்கள்தான் இப்படி, வெள்ளைக்கார நாடு மனிதாபிமானம் தெரிந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். நோர்வேயில் சால்மனை மயக்காமல் கொல்ல முடியாது. இயந்திரம் உண்டு, பரிசோதனை உண்டு. 2023 இல் அதே நோர்வேயின் கடற்கூண்டுகளில், மயக்கும் இயந்திரத்துக்குப் போகும் முன்னரே, பேனாலும் நோயாலும் காயத்தாலும் செத்த சால்மன் 6 கோடியே 28 இலட்சம். ஆறில் ஒன்று. சாவு நாகரிகமாக இருக்க வேண்டும் என்று சட்டம். வாழ்வு நாறினாலும் பரவாயில்லை. பிரித்தானியா 2022 இல் இறால், நண்டு, கணவாயையும் உணர்வுள்ள உயிர்கள் என்று சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. கையோடு, இதனால் மீன்பிடித் தொழிலுக்கோ உணவகங்களுக்கோ நேரடிப் பாதிப்பு எதுவுமில்லை என்றும் அரசாங்கம் உறுதி கொடுத்தது. உனக்கு வலிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறோம், அமைதியாகக் கொதி.

பாரிஸ் கோவையின் மீன் நல அத்தியாயங்களில் இறாலுக்கு இடமில்லை. இறால் பொரிப்பகங்களில் தாய் இறால் சீக்கிரம் முட்டை வைக்க, அதன் ஒரு கண் தண்டை நசுக்கியோ வெட்டியோ விடுவார்கள். முட்டை முதிராமல் தடுக்கும் சுரப்பு அந்தத் தண்டில்தான் இருக்கிறது. ஒரு கண் போனால் சினைப்பை நிறையும். முதலாளியின் பையும் நிறையும். அலங்கார மீனையும் கோவை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. இலங்கை அந்நியச் செலாவணி தேடுவதில் அலங்கார மீனும் ஒன்று. பட்டினி போட்டு, பைக்குள் அடைத்து, விமானத்தில் ஏற்றுகிறோம். தின்கிற மீனுக்கு நலன் உண்டு, பார்த்து இரசிக்கிற மீனுக்கு இல்லை. இதன் தர்க்கம் விளங்கியவர்கள் கை தூக்குங்கள்.

இதெல்லாம் சின்ன விடயம் என்று தோன்றினால் எண்ணிக்கையைக் கேளுங்கள். 2019 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் கொல்லப்பட்ட வளர்ப்பு மீன்கள் 7,800 கோடிக்கும் 17,100 கோடிக்கும் இடையில் என்று ஒரு மதிப்பீடு. ஏன் இவ்வளவு இடைவெளி? மீனை யாரும் தலை எண்ணுவதில்லை. தொன் கணக்கில் நிறுக்கிறார்கள். 2022 இல் முதல் தடவையாக, நீர்வாழ் விலங்குகளில் பிடிக்கிற அளவைவிட வளர்க்கிற அளவு கூடிவிட்டது: 9 கோடியே 44 இலட்சம் தொன். அத்தனை உயிரும் ஒரு தசமப் புள்ளிக்குள் அடங்கிவிடும். எண்ணப்படாதவர்களுக்கு உரிமை எழுதுவது சுலபம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

காக்காவிடம் போய், நீ மீனை வதைக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இடுப்பளவு தண்ணீரில் இரவு முழுவதும் நிற்கிறவர் அவர். யானைக்குப் பயந்து, முதலைக்குப் பயந்து, காய்ந்த குளத்துக்கும் பயந்து வலை போடுகிறவர். பாரிஸும் கொழும்பும் எழுதிய கருணையின் செலவை அவர் தலையில் கட்டி, தண்டத்தையும் அவரிடம் அறவிட்டுவிட்டு, பிரமுகரின் பையில் செத்த குஞ்சுகளைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிடுவார்கள் என்றால், அந்தச் சட்டமும் இன்னொரு பித்தலாட்டம்தான். ஏழையின் கட்டையைப் பிடுங்குவதற்கு முன்னால் பெரிய இடத்துக் கண்துடைப்பைப் பிடுங்க வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 1907 ஆம் ஆண்டின் 100 ரூபாயைக் குப்பையில் போட்டுவிட்டு, இருபது வயதாகும் வரைவை எடுத்துத் தூசி தட்டி, மீனையும் இறாலையும் பெயர் சொல்லிச் சேர்த்துச் சட்டமாக்குங்கள். குஞ்சு விடும் விழாவில் முதலில் குஞ்சை விடுங்கள், பிறகு பேசுங்கள். பேச்சு வெயிலில் செத்துப்போகாது. ஒவ்வொரு நன்னீர் மீனவர் சங்கத்துக்கும் ஆளனுப்பி, மண்டையில் எங்கே அடித்தால் மீன் மயங்கும் என்று ஒரு காலைப்பொழுது காட்டிக்கொடுங்கள். மௌலவிமார் ஒரு வெள்ளிக்கிழமையை மீனுக்குக் கொடுங்கள். வாங்குகிறவர்கள், விராலை வெட்டும் முன் ஓங்கி ஒரு அடி போடச் சொல்லுங்கள்; விலை கூடாது, ருசி குறையாது.

மாட்டுக்காக வீதிக்கு இறங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஊர்வலத்தைப் பேலியகொடை மீன் சந்தைக்கு முன்னால் நடத்துங்கள். அங்கே போகத் துணிவில்லை என்றால், நீங்கள் அழுதது மாட்டுக்காக இல்லை என்பது தீர்ப்பாகிவிட்டது. மேன்முறையீடு கிடையாது.